உதிர்ந்த வளைவு

கிட்வாய் நகர்,
புது தில்லி.
14.10.1998, புதன்

அன்புள்ள தம்பி கௌஷிக்குக்கு,

அக்கா சுபாஷிணி ஆசிகளுடன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். வெங்காயம் விற்கிற விலையில் அம்மா அதைச் சாம்பாருக்குக் கண்ணில் காட்டுவதோடு சரி. தீபாவளிக்கு நீ வருகிறாய் என்று ரிப்பன் பக்கோடா மட்டும் இப்போதே டின் நிறையப் பிழிந்துவிட்டாள்.

தமிழில் எழுதுகிறேனே என்று முகம் சுளிக்காதே. மந்திர் மார்க் பள்ளியில் தமிழ் வகுப்பென்றால் உனக்கு வயிற்றுவலி வரும், தெரியும். ஆனால் இது எங்கள் ஆபீஸிலிருந்து உங்கள் பரோடா தொழிற்சாலைக்கு நாளையே வந்து சேரும் பார்சலில் வருகிறது. மேனேஜர் எதையும் பிரித்துப் படிப்பவர். இங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போன் செய்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கிறார், நீயும் ‘அச்சா, அச்சா’ என்று வைத்துவிடுகிறாய். எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி.

வெள்ளிக்கிழமை நீங்கள் முழு வேகத்தில் சுழற்றிப் பார்க்கப்போகிற கம்ப்ரசர் சக்கரத்தைப் பற்றியது இது. ஜெர்மனிக்காரர்கள் அதன் கம்ப்யூட்டர் மாடலை வேறு சாஃப்ட்வேரில் செய்தார்கள். அதை நம் சாஃப்ட்வேருக்கு மாற்றும்போது சின்னச் சின்னப் பரப்புகள் உதிர்ந்து, மாடலில் ஓட்டை விழும். பக்கத்துப் பரப்புகளை இழுத்து அதை மூடிவிடுவோம். ஆபீஸில் இதற்கு ‘சிலாயி’, அதாவது தையல், என்றே பெயர். எங்கெங்கே தையல் போட்டோம் என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

நேற்றுதான் ஜெர்மனியிலிருந்து தாளில் அச்சிட்ட வரைபடம் வந்தது. அதில் பிளேடுகள் அடியில் சக்கரத்தோடு சேரும் இடத்தில் வளைந்து இறங்குகின்றன. நம் மாடலில் அந்த வளைவு உதிர்ந்துவிட்டது. தையல் போட்டவர்கள் அங்கே கூர்மையான மூலையை விட்டிருக்கிறார்கள், சக்கரத்தையும் அப்படியே செய்துவிட்டார்கள். வேகத்தில் விரிசல் அங்கேதான் பிடிக்கும். நீ அளந்து பார்த்து எல்லாம் சரி என்றாய். சரியாகத்தான் இருக்கும், உன் கையிலுள்ள அளவுகளும் அந்தத் தைத்த மாடலிலிருந்து எடுத்தவை. மெதுவாக ஓட்டியபோது கீச்சென்று ஏதோ சத்தம் கேட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே. நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். தீபாவளிக்குள் சரக்கு போயாக வேண்டும், கோளாறு இருந்தால் டெஸ்டில் தெரிந்துவிடும் என்றார். டெஸ்டில் பக்கத்தில் நிற்கப்போவது அவருடைய தம்பி இல்லை.

அந்த வரைபடத்தின் நகலை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சூப்பர்வைசரிடம் காட்டு. அவர் கேட்காவிட்டால் வேலை போனால் போகட்டும், நீயும் உன்னோடு இருப்பவர்களும் டெஸ்ட் ஷெட்டுக்குள் கால் வைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது கௌஷிக்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை நீ போன் செய்வாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மணி அடித்தால் அவள்தான் ஓடிப்போய் எடுப்பாள். நீயே பேசு. வேறு யாரும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அக்கா
சுபாஷிணி