ஒரு துண்டும் இரண்டு வித்வான்களும்

சனிக்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்க்கும் வாசலூர்பட்டி விடுதியில் இன்று ஓர் இத்தாலியத் தம்பதியின் கச்சேரி. மனைவிக்கு செல்லோ, கணவருக்கு ஆளைவிட உயரமான டபுள் பாஸ்; இரண்டும் வில் போட்டு வாசிக்கும் பெரிய வயலின்கள் மாதிரி. அவர்கள் நாட்டு இசை நாடக மெட்டுகளை ஒருவர் மாற்றி ஒருவர், நமக்கே மூச்சு வாங்கும் வேகத்தில் வாசித்தார்கள். அவர்கள் இங்கிலீஷில் பேசுவதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். சொதப்பினால் வேலை நிரந்தரமாகாது என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். எனக்கோ மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் இரண்டு மேளக்காரர்கள் எதிரெதிரே அடித்தால், ஜெயித்தவருக்குத் துண்டு போர்த்துவோம். கச்சேரி முடிந்ததும், கேட்க வந்திருந்த என் பெரியப்பா ஒரே ஒரு துண்டோடு மேடையேறிவிட்டார்.

"ஏங்கண்ணு, யாரு ஜெயிச்சாங்க?"

"போட்டி இல்லீங்க பெரியப்பா."

"பின்ன எதுக்கு அந்தம்மா அவர அந்த வெரட்டு வெரட்டுச்சு?"

கூட்டம் இரண்டு கட்சியாகிக் கத்தியது. முதலாளி முறைத்தார். மைக்கைப் பிடித்து, "ரெண்டு பேருமே ஜெயிச்சுட்டாங்க" என்றேன். என் குரல்தானா அது? இருவரையும் ஒட்டி நிற்கவைத்து அந்தத் துண்டையே போர்த்தினார் பெரியப்பா. ஒரே விசில்.

சாப்பிடும்போது அந்தம்மா, கூட்டம் ஏன் அப்படிக் கத்தியது என்று இங்கிலீஷில் கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு, "உண்மையில் யார் ஜெயித்தது?" என்றார். கணவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். காலையில் சொல்கிறேன் என்று ஓடிவந்துவிட்டேன்.

ஜெயித்தது அந்தம்மாதான், சந்தேகமே இல்லை. ஆனால் காலையில் அவர் கணவர் அவ்வளவு பெரிய டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றால், அவர்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிடுவேன்.