ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் போகாதே

மாப்ளே,

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது, உன் மனைவி ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். "அவுக பழைய பாஸ்போர்ட் உறைக்குள்ள இருந்துச்சுண்ணே. அடியில உங்க பேரு இருக்கு, அதான்" என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் பிரித்துப் பார்த்தேன். என் கையெழுத்து. ஓரத்தில் பச்சைப் பவுடர் அப்பிய என் கட்டைவிரல் ரேகை. கிளப் நோட்டிலிருந்து மேனேஜர் கிழித்துவிட்டார் என்று இத்தனை வருடம் நான் நம்பிக்கொண்டிருந்த பக்கம் அது. கண்டக்டர் இரண்டு முறை டிக்கெட் கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். கராமாவில் ஆறு பேர் இருந்த ரூமில் கீழ்க்கட்டில் உனக்கு, மேல்கட்டில் எனக்கு. நான் ஷார்ஜாவில் அலுமினிய ஜன்னல்களுக்குப் பவுடர் கோட்டிங், அதாவது நிறப் பவுடரைத் தூவிச் சூட்டில் ஒட்டவைக்கும் பூச்சு, போட்டுக்கொண்டிருந்தேன். நீ ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில், பயிற்சிக்கான தோட்டாக்களைத் தயார் செய்யும் பட்டறையில் இருந்தாய். வார்த்த ஈயக் குண்டு, ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கிக் குழலுக்குள் ஈயத்தை அப்பிவிடுகிறது, தேய்த்தே கை போச்சு என்று தினமும் புலம்புவாய். "ஜன்னலுக்குப் போடுற பவுடரைக் குண்டுக்குப் போட்டா என்ன மாப்ளே?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன். நீ கைகூடக் கழுவாமல் எழுந்து நின்றாய். இரண்டே மாதத்தில் மேனேஜரிடம் பேசி, விசா மாற்றி, என்னை அங்கே இழுத்துக்கொண்டாய். அந்த நன்றியை நான் மறந்ததே இல்லை.

ஐஸ்கிரீம் டப்பாவில் குண்டுகளையும் பவுடரையும் போட்டுக் குலுக்குவோம். தட்டில் பரப்பி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஓவனில் சுட்டெடுப்போம். தட்டுக்கு ஒரு குண்டை எடுத்து நான் சுத்தியலால் சப்பையாக்குவேன். பூச்சு உரியாமல் ஈயத்தோடு சேர்ந்து நசுங்கினால் அந்தத் தட்டு பாஸ். உரிந்தால் எல்லாமே திரும்ப உருக்குவதற்கான டப்பாவுக்குப் போகும். அதற்கு நீ 'சீக்காளி டப்பா' என்று பெயர் வைத்திருந்தாய்.

பூச்சு இருந்தால் எந்த வேகமும் தாங்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சுட்டுப் பார்த்தோம். வேகம் அளக்கும் கருவியை முன்னால் வைத்துக்கொண்டு நீ சுடுவாய், நான் எண்ணை எழுதுவேன். நொடிக்கு ஆயிரத்து அறுநூறு அடிவரை இலக்கு அட்டையில் ஓட்டைகள் ஒன்றையொன்று ஒட்டியே விழுந்தன. அதைத் தாண்டினால் மெத்தென்ற ஈயம் குழலுக்குள் இருக்கும் சுழல் வரிகளைப் பிடித்துச் சுழல முடியாமல் வழுக்கும், பூச்சு கிழியும், குண்டு கண்ட இடத்துக்குப் போகும். அன்றைக்கு நீ சொன்னது ஞாபகமிருக்கிறது. "எவ்வளவு வேகமாப் போகுதுங்கிறதா முக்கியம்? போய்ச் சேரணும்ல." நான் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன்: ஆயிரத்து அறுநூறு அடிக்கு மேல் போகாதே. அடியில் என் பெயரையும் எழுதினேன்.

அந்த வருடம்தான் என் மனைவிக்கும் மகளுக்கும் விசா வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் வருவதாக இருந்தார்கள். குழந்தைக்கு ஒரு சின்னக் கட்டில் பார்க்க ஒரு வியாழக்கிழமை லீவு போட்டேன். "போயிட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாய். மறுநாள் முக்கியமான விருந்தாளிகள் சுட வருகிறார்கள், தோட்டா இன்னும் வேகமாகப் போகவேண்டும் என்று மேனேஜர் நச்சரித்துக்கொண்டிருந்தார். பட்டறை சூப்பர்வைசர் இடமும் காலியாக இருந்தது. உனக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு குண்டுகூட ஒழுங்காகப் போகவில்லை. விருந்தாளி ஒருவர் சொந்தமாகக் கொண்டுவந்த துப்பாக்கியின் குழல் முழுக்க ஈயம். சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் மேசை முன்னால் நீ நின்றாய். ஒரு பச்சைக் குண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினாய். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஓவன் டியூட்டி இவன் சார். சரியாச் சுடல" என்றாய்.

"அது சீக்காளி டப்பால கிடந்த குண்டு சார். அவனையே கேளுங்க" என்றேன். நீ உதிர்ந்த பூச்சை மேசையிலிருந்து கையால் ஒதுக்கினாய். வேகத்தைக் கூட்டியதுதான் காரணம், நோட்டைப் பாருங்கள் என்று கத்தினேன். நோட்டில் அந்தப் பக்கம் இல்லை. மேனேஜர் மூடிவைத்தார். "கலாஸ் பாய், கேன்சல்" என்றார், எல்லாம் முடிந்தது என்று. என் விசா போனதோடு என் மனைவி, மகள் விசாவும் போயிற்று. திரும்ப வர முடியாதபடி தடையும் போட்டார்கள். கட்டிலை ரூமிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதில் நீ துணி அடுக்கி வைத்திருந்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

ஊர் வந்த பிறகு உனக்காக நானே வாதாடினேன் மாப்ளே. மேனேஜர் மிரட்டியிருப்பார், வேகத்தைக் கூட்டினால் இப்படி ஆகும் என்று நீ எதிர்பார்த்திருக்க மாட்டாய், மாட்டிக்கொண்ட பயத்தில் என் பெயரைச் சொல்லியிருப்பாய். என் மனைவி நம்பவில்லை. "அந்தாளு சாவுக்கும் போவீங்க நீங்க" என்று ஒருமுறை கோபத்தில் சொன்னாள். அப்படியே போனேன். மன்னித்துவிட்டுத்தான் உன் படத்துக்கு மாலை போட்டேன்.

பஸ்ஸில் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் உன் கையெழுத்து. 'வியாழன். ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஐந்து சுட்டதில் மூன்று அட்டையிலேயே இல்லை. குழலில் ஈயம்.'

வெள்ளிக்கு முந்தின நாள். நான் கட்டில் கடையில் நின்றிருந்த நாள். நீ சுட்டுப் பார்த்திருக்கிறாய், கண்ணால் கண்டிருக்கிறாய், எழுதியும் வைத்திருக்கிறாய். பொய் சொல்லத் தெரிந்த உனக்குச் சோதனைக் கணக்கில் பொய் எழுத வரவில்லை. எல்லாம் தெரிந்தேதான் மறுநாள் விருந்தாளிகள் கையில் அந்தத் தோட்டாவைக் கொடுத்தாய். தெரிந்தேதான் சுத்தியலை எடுத்தாய். இதைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அல்லது எனக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு லீவுக்கும் ஊர் வந்து போனாயே, எப்படி முடிந்தது உன்னால்? நான் போட்ட மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் போல இருக்கிறது.

"அதுல என்னண்ணே எழுதியிருக்கு?" என்று உன் மனைவி போனில் கேட்டாள். வேலைக் கணக்கும்மா என்றேன். அவளிடம் வேறென்ன சொல்ல?

என் மகளின் முதல் பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. உன் தாளை அதற்குள்தான் வைத்தேன். நேற்று ஏதோ சான்றிதழ் தேடும்போது அவள் அதை எடுத்து இரண்டு பக்கமும் வாசித்தாள்.

"இந்தப் பக்கம் உங்க கையெழுத்துப்பா. பின்னாடி எழுதினது யாரு?"

"என் ஃப்ரெண்டும்மா" என்றேன். வேறு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன் மாப்ளே, எனக்குக் கிடைக்கவில்லை.