இரண்டாவது தாள்

செப். 3, திங்கள். மதுரை

காலை எட்டு மணிக்கே வெயில். லேபில் ஏ.சி. மறுபடி ரிப்பேர். சோதனைத் தாளில் ஒன்றும் இல்லை. நான்காவது தடவை.

குழம்பாமல் இருக்க ஒருமுறை எழுதி வைக்கிறேன். பாக்டீரியாவின் மரபணுக்களுக்குப் பட்டியல் போட்ட கணினி, ரொம்பக் குட்டையானவற்றை எல்லாம் தள்ளிவிட்டது. அந்த நீளத்தில் தற்செயலாகவே எவ்வளவோ வரும், குப்பை என்று. என்னுடைய மரபணு முப்பத்தெட்டு அமினோ அமிலத்துக்குத்தான் காணும். பட்டியலில் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு புரதம் உண்டாகிறது என்பது என் கட்சி. தேட வசதியாக அதன் வாலில் ஓர் அடையாளத் துண்டு ஒட்டியிருக்கிறேன். தேடினால் காணோம்.

கைடு சார் கேட்டார்: "இல்லாததத் தேடுறியோம்மா?" கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் கஷ்டம்.

வாங்க வேண்டியது: சோப்பு, பேனா, அம்மா முட்டிக்குத் தைலம்.

தங்கச்சி செல்வி போய் இன்றோடு இருபத்து மூன்று நாள்.

செப். 5, புதன். எம். புதுப்பட்டி

லீவு. பஸ் முழுக்கப் புழுதி. அம்மா நேற்றும் சாப்பிடவில்லையாம்.

தபாலில் ஒரு நகல் வந்து கிடந்தது. பட்டாசு கம்பெனி வெடிவிபத்தில் இறந்தவர்கள் பட்டியல். ஏழு பேர். ஐந்தாவது பெயர் பொன்னுத்தாய். அதாவது என் அம்மா. எனக்கு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிற அம்மா.

"செல்வி பேர் எங்கம்மா?"

அம்மா அடுத்த கீரைக் கொத்தை எடுத்தாள்.

தெரிந்த கதைதான். அம்மாவுக்கு முட்டி வீக்கம். சீசன் நேரத்தில் பத்து நாள் போகாவிட்டால் இடம் போய்விடும். வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த தங்கச்சி அம்மாவின் கம்பெனி கார்டை எடுத்துக்கொண்டு போனாள். இங்கே எல்லார் வீட்டிலும் நடப்பது. போர்மேனும் கண்டுகொள்ள மாட்டார். செத்தது யார் என்று ஊருக்கே தெரியும். தாளுக்குத் தெரியாது.

கலெக்டர் ஆபீசில் போய்ச் சொல்லலாம் என்றேன்.

"என்னன்னு சொல்ல? எம் பேருல எம் மகள அனுப்பிக் கொன்னேன்னா? இருக்கட்டும்த்தா. நாஞ் செத்ததாவே இருக்கட்டும். அதுல பொய் ஒண்ணுமில்ல."

"அப்ப அவ பொறக்கவே இல்லையாம்மா?" கத்திவிட்டேன். அம்மா கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. நான் மட்டும் என்ன யோக்கியம்? நான் காலேஜ் சேர்ந்த வருஷம்தான் செல்வி எட்டாவதோடு நின்றாள். யாரும் நிறுத்தவில்லை, தானாக நின்றாள். போய்ப் படி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை.

செப். 8, சனி. மதுரை

தூறல். புத்தி வந்த நாள்.

புரதத்தைத் தாளுக்கு இழுக்கிற மின்சாரத்தை, பெரிய புரதங்களுக்கு வைக்கிற அளவு நேரமே வைத்திருக்கிறேன், முட்டாள். இத்தனை சின்னது தாளில் நிற்குமா? துளைத்துக்கொண்டு பின்பக்கம் போயிருக்கும். நான்கு தடவையும் தொலைத்தது நான்தான். இன்று நேரத்தைப் பாதியாக்கி, தாளுக்குப் பின்னால் இன்னொரு தாளும் வைத்தேன்.

மாலை நான்கு. முதல் தாள் காலி. இரண்டாவதில் ஒரு கோடு. மெல்லிசுதான். அடையாளம் ஒட்டாத செல்களின் வரிசையில் கோடு இல்லை.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இருக்கும்மா" என்றார்.

ஒரு நிமிஷம் அவ்வளவு சந்தோஷம். செல்விக்குச் சொல்ல மொபைலை எடுத்து, பக்கத்து வீட்டு நம்பர் பாதி அழுத்தியும் விட்டேன். பிறகு பாத்ரூமில் போய் அழுதேன்.

முகம் கழுவும்போது தோன்றியது. அம்மா கைநாட்டு. செல்விக்கு எழுதத் தெரியும். தினமும் காலையில் கம்பெனி ஆஜர் நோட்டில் அவள் என்ன வைத்திருப்பாள்?

செப். 9, ஞாயிறு. புதுப்பட்டி

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். பிறகு:

"அவ கையால எழுதுனது அங்கன இருக்கா?"

"இருக்கும்மா."

"பாக்கணும்."

தைலம் மறந்துவிட்டேன்.

செப். 10, திங்கள். சூலக்கரை

கலெக்டர் ஆபீஸ். நல்ல காற்று. பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கேட்டதும் அதிகாரி ஆஜர் நோட்டின் நகலை எடுத்துப் போட்டார். ஆகஸ்ட் பக்கம். பொன்னுத்தாய் வரிசையில் முதல் இரண்டு கட்டம் பெருவிரல் ரேகை. அப்புறம் கையெழுத்து, எட்டு. அம்மாவின் பெயர், செல்வியின் சாய்ந்த எழுத்து.

"இத யாருமே கவனிக்கலையே" என்றார். நல்ல மனுஷன். "யாரு பொன்னுத்தாய்?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா முன்னால் வந்தாள்.

"நாந்தான்யா. வேலைக்குப் போனது எம் மக செல்வி. நாந்தான் அனுப்புனேன். எம் பேர அடிச்சிட்டு அவ பேர எழுதுங்கய்யா."

மனு எழுதித் தரச் சொன்னார், விசாரித்து மாற்றிவிடலாம் என்று. நான் எழுதினேன். முதல் வரி: பொன்னுத்தாயாகிய நான் உயிருடன் இருக்கிறேன். வாசித்துக் காட்டியபோது அம்மா அழுதாள். இத்தனை நாளில் முதல் தடவை. பெருவிரலை உருட்டி வைத்தாள். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

"இப்பக் காட்டு."

நகலை அவள் பக்கம் திருப்பினேன். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டாள்.

"இது அவளா?"

"ஆமாம்மா."

"இது?"

"அதும் அவதான்."

எட்டு தடவை கேட்டாள், எட்டு தடவையும் சொன்னேன். விரல் அடுத்த காலிக் கட்டத்துக்கு நகர்ந்தது.

"இங்கன?"