பெயர் எழுதாத வில்

ஹான்காக், மிச்சிகன்
ஏப்ரல் 9, 1974

மதிப்பிற்குரிய திரு. ஆர்னே நீமி அவர்களுக்கு,

ஏரிக்கு அக்கரையில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இக்கரையில் வேலி மறையும்படி கிடந்த பனி இப்போதுதான் கரையத் தொடங்கியிருக்கிறது.

என்னை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் இருக்கலாம். நான் எவெர்ட் லாம்பினென், கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் வில் சங்கத்துக்குப் பழைய வில் எது வந்தாலும், அதைச் செய்தவர் யாராக இருக்கும் என்று பார்த்துச் சொல்வது என் பொழுதுபோக்கு. பாதி வில்களுக்கு ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அந்த மனதோடு படியுங்கள். நான் நினைப்பது தவறானால் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

ட்வேன் என்ற வேட்டைக்காரர் உங்கள் தண்டர் பே நகரத்துக் கடையொன்றில் ஒரு வில் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். நுனிகள் முன்பக்கமாக மடங்கிய வில். உள்ளே மேப்பிள் மரத் தகடுகள், இரு முகத்திலும் புகை நிற ஃபைபர் கிளாஸ் பட்டை. செய்கிறவர்கள் நாண் பூட்டும் நுனிக்குக் கீழே தங்கள் பெயரையும், வில்லின் நீளத்தையும், இழுக்கும் பலத்தையும் மையால் எழுதுவது வழக்கம். இதில் பலம் மட்டும்தான் இருந்தது. ட்வேன் சிரித்தார். “பேரு போட வெக்கப்பட்ட ஆளு போல, வாத்தியாரே!”

பிடியில் வால்நட் மரம். அது எல்லோரும் போடுவது. நுனியில் மான்கொம்புத் துண்டு. அதுவும் பலர் செய்வதுதான். நாண் பள்ளத்தில் இடது பக்கம் அரம் ஆழமாக ஓடியிருந்தது. இடக்கைக்காரர் என்று குறித்துக்கொண்டேன், பிறகு அடித்துவிட்டேன். உலகத்தில் இடக்கைக்காரர்களுக்கா பஞ்சம்?

கடைசியில் பசையைப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே பசைக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். இதிலோ பால் கலந்ததுபோல் ஒரு மெல்லிய வெண்மை. காயும்போது ஈரக்காற்று பட்டால் அப்படி ஆகும். மற்றவர்கள் விளக்கு எரியும் மரப்பெட்டிக்குள் வைத்துக் காயவைப்பார்கள். வீட்டார் ஆவிக்குளியல் முடித்ததும், சவுனா அறையின் மேல் பலகையில் வில்லை ஏற்றிக் காயவைத்த ஒரே ஒருவரை எனக்குத் தெரியும். சுட்ட கற்களில் ஊற்றிய தண்ணீரின் ஆவி அங்கே மிச்சம் இருக்கும், பசை வெளுக்கும் என்று நான்கூட அவரிடம் சொன்னேன். “இருந்துட்டுப் போகட்டும் வாத்தியாரே, நாமளும் அந்த ஆவியில வெந்துதான கெட்டியானோம்” என்றார். அவர் பெயர் ஒன்னி ரவுத்தியோ.

ஒன்னியின் படகு ஆளில்லாமல் கரை ஒதுங்கிய வருடம் ஊரே ஏரிக்கரையில் நின்றது. உடல் கிடைக்கவில்லை. வெறும் பூவை ஏரியில் விட்டு ஜெபம் செய்தார்கள். அதனால் இது அவர் அதற்கு முன் செய்த வில் என்றுதான் முதலில் முடிவு செய்தேன். ஆனால் இந்தப் புகை நிறப் பட்டை கடைகளுக்கு வந்ததே அதற்குச் சில வருடங்கள் கழித்துத்தான். நான் தவறாக நினைக்கிறேனோ என்று பட்டை விற்கிறவரையே கேட்டுப் பார்த்தேன். என் நினைவு சரிதான் என்றார்.

தண்டர் பே கடைக்காரரையும் தொலைபேசியில் கேட்டேன். “பேசவே மாட்டாரு சார். பனி உருகினா ஒரு வில்லோட வருவாரு, வச்சுட்டுப் போயிடுவாரு. பேரு எழுதுங்கன்னா சிரிப்பாரு” என்றார். மிகவும் கெஞ்சிய பிறகே உங்கள் முகவரியைத் தந்தார். அவரைக் கோபிக்காதீர்கள்.

இனி ஒரு செய்தி. உங்களுக்குத் தொடர்பில்லாதது என்றால் மன்னியுங்கள். ஒன்னியின் தந்தை கல்லே ரவுத்தியோ இந்தக் குளிர்காலத்தில் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். மண் இன்னும் பனியில் உறைந்து இறுகிக் கிடப்பதால், மே மாதம்தான் அடக்கம்.

மகள் சைமிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் அவள் பொறுப்பு. அந்த வில் என் மேசையிலேயே கிடப்பதைப் பார்த்து, “என்ன வாத்தியாரே, இன்னுமா மோந்து பாக்குறீங்க? ஒரு நாயா இருந்தா இதுக்குள்ள மானையே புடிச்சிருக்கும்” என்று எல்லோர் முன்னிலும் கேலி செய்தாள். பிறகு அதைக் கையில் எடுத்தாள். பசைக்கோட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். அப்புறம் சிரிக்கவில்லை. யார் செய்தது என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். “அப்பா கல்லறைக் கல்லுல ஒன்னி பேரையும் சேத்து வெட்டச் சொல்லியிருக்கேன். வெட்டறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் கோப்பை வழிவதுகூடத் தெரியாமல் காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

எனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. தவறாகச் சொன்னால் அவள் தம்பியை அவள் இரண்டாம் முறை இழக்க வேண்டும். சரியாக இருந்தாலோ, மறைந்து வாழ்கிறவர் அனுமதியில்லாமல் அதைச் சொல்ல நான் யார்?

ஒன்னி வில் வளைக்கும் மர அச்சைக் கல்லே சவுனா அடுப்பில் போட்டு எரித்தது ஊரறிந்த கதை. “சுரங்கத்துக்குப் போகாதவன் மரத்த வளைச்சா வயித்த நெரப்பப் போறான்?” என்று அவர் கத்தியது என் வீடு வரை கேட்டது. மறுநாள் படகைக் காணோம். அதற்குப் பிந்தியது ஏரிக்கு அக்கரையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது. சனிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டில் குளிக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அதன்பிறகு கல்லே யாரையும் மேல் பலகையில் உட்கார விடவில்லை. பாதிரியாரே ஒருமுறை ஏறப் போனார். “எறங்குங்க ஐயா, அங்க எடம் இல்ல” என்றார் கல்லே. பலகை காலியாகத்தான் இருந்தது. நாங்கள் குளித்து முடித்த பிறகும் அவர் அடுப்பில் இன்னும் ஒரு கட்டை போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நீங்கள் இங்கே வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பதில் எழுதவும் வேண்டாம். கல் வெட்டுகிறவரிடம் பேசி, மே மாதக் கடைசி வரை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்த வருடத்து வில்லைக் கடைக்குக் கொண்டுபோகாமல் சைமிக்கு அனுப்புங்கள். நுனிக்குக் கீழே பெயரை மட்டும் எழுதுங்கள். வில் வந்தால் கல்லில் ஒரு பெயர் போதும் என்று சைமிக்குத் தெரிந்துவிடும். வராவிட்டால் நான் வழக்கம்போல ‘உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் என் வாயிலிருந்து வராது.

கடவுள் உங்களுக்கு நல்ல சுகத்தையும் நடுங்காத கையையும் தரட்டும். அப்பா போன பிறகும் சைமி சனிக்கிழமைகளில் அடுப்பு மூட்டுகிறாள். போன வாரம், பழக்கமில்லாத ஒருவர் மேலே ஏறப் போனபோது, “அங்க வேணாம்” என்றாள்.

தங்கள் நலம் விரும்பும்,
எவெர்ட் லாம்பினென்