அண்ணியோட கெட்டில்

மார்ச் 4

வாயாடித் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுறது,

நான் இருக்கேன். நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? டீச்சர் மகன் அங்க வேலைக்கு வர்றான். உங்க அண்ணியோட கரண்டு கெட்டில அவன்கிட்ட குடுத்து விட்டிருக்கேன். அவ போனதுலேருந்து சும்மாதான் கெடக்கு. அவன ஞாபகமிருக்கா? சின்னதுல நம்ம பால் வண்டியில ஏறித் தூங்கிட்டு, பக்கத்து ஊர்ல முழிச்சு ஊரக் கூட்டுனவன். இப்ப மீசையெல்லாம் வச்சிட்டான். சரி, அது கெடக்கட்டும்.

எனக்கு இன்னும் அழுகை வரல. மரத்துப்போன கால் மாதிரி இருக்கு. நீ அவ சாவுக்கு வரலன்னு கோவமும் வரல.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

கெட்டில் வந்துச்சு. இந்த ஊரு பிளக்குக்குத் தக்கன பின்னை மாத்திச் சொருகி, தண்ணி வச்சேன். குளிச்சு, தலை சீவி, உங்க மாப்பிள்ளைகிட்ட சண்டையும் போட்டு முடிச்சாச்சு. தண்ணி அப்பத்தான் முனகுது. இங்க யார் வீட்டு சமையக்கட்டுலயும் கெட்டிலே காணோம்.

கொஞ்ச நாள் இங்க வந்து இரேன். மாடி ரூம் காலியாத்தான் இருக்கு.

வாயாடி

ஏப்ரல் 23

தங்கச்சிக்கு,

ரிப்பேர்னு சொல்றியா? இங்க அவ "யோவ், எந்திரி"ன்னு சொல்லி வாய மூடறதுக்குள்ள டக்குனு அணையும். அந்த டக்குக்குத்தான் நான் முழிப்பேன். இப்ப அலாரம் கத்துது, நான் பாட்டுக்குப் படுத்திருக்கேன். பால் லேட்டு. "துரைக்கு இப்பத்தான் விடிஞ்சுதா?"ன்னு மெஸ்ஸுக்காரம்மா கேக்குது. வேணாம்னா திருப்பி அனுப்பிடு.

அண்ணன்

மே 15

அண்ணா,

ரிப்பேர் இல்ல. இங்க கரண்டோட அழுத்தமே நம்மூர்ல பாதிதான். இங்க விக்கிற கெட்டிலே மெதுவாத்தான் கொதிக்கும், அதான் நெறையப் பேரு அடுப்புலயே வச்சிடறாங்க. நம்மளது நம்மூர் கரண்டுக்குச் செஞ்சது. கேக்கவா வேணும்?

இருந்தாலும் தெனம் போடறேன். நேத்து டக்குனு அணைஞ்சப்போ "வந்துட்டேன் அண்ணி"ன்னு சொல்லிட்டேன். அப்புறம் அங்கேயே ஒக்காந்துட்டேன்.

திருப்பி அனுப்ப மாட்டேன். வேணும்னா வந்து எடுத்துக்க. அவங்க சாவுக்குத்தான் நான் வரல. நீயாவது வாண்ணா.

வாயாடி

ஜூன் 9

வாயாடிக்கு,

பால் வண்டிய மெஸ்ஸுக்காரம்மா தம்பிகிட்ட ஒப்படைச்சிட்டேன். பிரேக்க மிதிச்சா ரெண்டு வீடு தள்ளித்தான் நிக்கும்னு சொல்லியிருக்கேன். டீச்சர்தான் பிளேன் டிக்கெட் போட்டுக் குடுத்தாங்க. அடுத்த மாசம் இருபதாந் தேதி.

அழுகை இன்னும் வரல. அந்த டக்கக் கேட்டா வருமோ என்னமோ.

இந்தக் கடுதாசி கெடச்சதும் தண்ணிய வச்சிடு. நான் வந்து சேரவும் அது கொதிக்கவும் சரியா இருக்கும்.

அண்ணன்