அடித்தும் உடையாத வில்லி

சான் அந்தோனியோ,
நவம்பர் 9

என் செல்ல மகள் மரிசெலாவுக்கு அம்மா எழுதுவது. குவாதலூப்பே மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நலம், நாயும் நலம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே மழை வருகிறது என்று சொல்லிவிடுகிறது. நீயும் நலம் என்று அப்பா சொன்னார். பெற்ற மகளின் நலத்தை நான் அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாகப் போய்விட்டதே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஆறு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. அப்பாவோ முடிவெட்டப் போகிறேன் என்று வாரத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறார், தலையில் இருப்பதே நாற்பது முடி, அதை எத்தனை தடவைதான் வெட்டுவது? முடிதிருத்தும் கடை வாசலில் நின்று உன்னோடு போனில் குசுகுசுக்கிறார் என்று எனக்குத் தெரியாதா. நேற்று கேட்டேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை, நியூயார்க்கில் வேலை அதிகம் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் உப்பு ஜாடியைப் பார்த்தார். முப்பத்து நாலு வருஷமாக அந்த மனுஷனுக்கு ஒரு பொய் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் போன் வேண்டாம், கடிதமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். போனில் என்றால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்க முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் அத்தை மகன் நாச்சோவுக்கு நிச்சயமாகிவிட்டது, பெண் பல் டாக்டரிடம் வேலை செய்கிறாள், அவன் பல்லைப் பார்த்தும் சம்மதித்திருக்கிறாள் என்றால் நல்ல மனசுதான். நம் பின்யாத்தா பொம்மைக் கடையில் இந்த மாதம் மூச்சுவிட நேரமில்லை. எல்லாப் பிறந்தநாளுக்கும் முகமூடி போட்ட வீரர்கள்தான் கேட்கிறார்கள், கழுதையும் நட்சத்திரமும் யாரும் கேட்பதில்லை. எனக்கு எப்போதும் புரியாத ஒன்று இது. ஒரு வீரனைப் பிடிக்கும் என்றால் அவனைக் காகிதத்தில் செய்து, வயிற்றில் மிட்டாய் நிரப்பி, கயிற்றில் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடித்துக் கிழிப்பார்களா? இந்த ஊரில் எந்த வில்லனுக்கும் விழாத அடி வீரர்களுக்குத்தான் விழுகிறது. கெட்டவனைச் செய்துகொடு என்று இருபத்தெட்டு வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. யாரும் கேட்காமலே ஒன்றைச் செய்து வைத்தேன், அந்தக் கூத்தைத்தான் சொல்ல வந்தேன்.

செப்டம்பர் கடைசியில் கம்பி வளைக்கக் குறடு தேடி அப்பாவின் சாமான் பெட்டியைத் திறந்தேன். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றி, உன் படக்கதைப் புத்தகம். அட்டையில் உன் பெயர்! எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டத்தான் வரும், ஆனால் உன் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் தெரியும். அட்டைப் படத்தில் மலை மாதிரி ஒரு பெண், இடுப்பில் கை, கவுனில் பசைக் கறை, கொண்டையில் பென்சில், இடது கன்னத்தில் மச்சம். நான்! அப்படியே நான்! மேலே ஓர் ஓரத்தில் சிவப்பு இறக்கை கட்டிய ஒல்லிப் பெண் ஒருத்தி பறந்து வருகிறாள், அவளை யாரோ துணைக்கு வருகிறவள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கம் பக்கமாகப் படம் மட்டும் பார்த்தேன். நான் கையை நீட்டினால் தெருவே என் சொல் கேட்கிறது, வாகனங்கள் அப்படியே நிற்கின்றன, போலீஸ்காரர்களின் பூட்ஸ் தரையில் ஒட்டிக்கொள்கிறது. என் மகள் என்னை வீராங்கனையாக்கிவிட்டாள், என் பிறந்தநாளுக்கு அப்பாவும் மகளும் சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பெட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆனந்தமாக அழுதேன். அப்புறம் நானும் பதிலுக்கு ஓர் ஆச்சரியம் கொடுக்கிறேன் பார் என்று பங்குத் திருவிழாவுக்கு ஒரு பின்யாத்தா செய்ய ஆரம்பித்தேன். ஆறடி. மச்சம், பென்சில், கவுன் எல்லாம் வைத்து. எப்போதும் மூன்று சுற்றுக் காகிதம் ஒட்டுவேன், இது என் முகமல்லவா, சட்டென்று பிய்ந்துவிடக் கூடாதே என்று ஏழு சுற்று ஒட்டினேன். அப்பா அதைப் பார்த்தது திருவிழா அன்று காலையில்தான், வண்டியில் ஏற்றும்போது. முகம் வெளுத்துவிட்டது. பாரம் அதிகமோ என்று கேட்டேன், தலையை மட்டும் ஆட்டினார்.

கோயில் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. நான் பச்சைப் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, பங்குச் சாமியார் அன்செல்மோவிடமிருந்து மைக்கை வாங்கி, நியூயார்க்கில் என் மகள் படைத்த வீராங்கனை இவள், நம் இனத்து வீராங்கனை, எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தேன். அப்பா கூரைமேல் நின்று கயிற்றைப் பிடித்திருந்தார், கீழே பார்க்கவே இல்லை. பிள்ளைகள் வரிசையில் முதலாவதாக உன் ஞானத்தாய் செலோவின் பேத்தி யாரெட்சி நின்றாள். கண்ணைக் கட்டப் போனேன். அவள் துணியைத் தள்ளிவிட்டு மேலே பார்த்து, ஐயையோ, இது பசைக்காரி, இவதான் கெட்டவ, அந்தச் செவப்பு றெக்க செஞ்சிட்டக் கட்டிப்போட்டவ இவதான் என்று கத்தினாள். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் ஆமா ஆமா, கொல்லு கொல்லு என்று குதித்தார்கள். மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது மகளே. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. செலோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடியே ஒர்தென்சியா, ஊரே உன்ன அடிக்க வரிசையில நிக்குது, டிக்கெட் போட்டிருந்தா கோயிலுக்குப் புதுக் கூரையே போட்டிருக்கலாமேடி என்றாள். நான் விடுவேனா, அடிங்கடா, யாரு வேணாலும் வந்து அடிங்க, யாரு என்னை உடைக்கிறீங்கன்னு பாக்கறேன் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டேன். முப்பத்தொரு பிள்ளைகள் அடித்தார்கள். பிறகு அவர்களின் அண்ணன்மார். பிறகு நாச்சோ, பிறகு சாமியாரே அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு போட்டார். ஒரு மூக்குகூட நசுங்கவில்லை. கடைசியில் அறுந்தது கயிறுதான். பொத்தென்று கீழே வந்தவள் விழாமல், இடுப்பில் கை வைத்தபடி நேராக நின்றாள். அப்புறம் கொல்லு என்று கத்தின அதே பிள்ளைகள் பசைக்காரி பசைக்காரி என்று கை தட்டினார்கள் பார், காது கிழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பின்யாத்தாவைச் சோபாவில் சாய்த்துவிட்டு, தெரிஞ்சும் ஏன்யா வாயத் திறக்கல என்று அப்பாவைப் பிடித்தேன். நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த, எனக்கு மனசு வரல என்றார். நல்ல மனசு. சரி, உட்காரும், முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் நம் மொழியில் சொல்லும் என்றேன். அப்பாவுக்கு இந்தப் புத்தகங்கள் என்றால் உயிர் என்று உனக்குத் தெரியும், அந்தத் தகரப் பெட்டி நிறைய வைத்திருக்கிறாரே. ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு பிரசங்கம் வைத்தார். நம்ம ஆளு வில்லனா வந்தா மீசை வெச்சு, போதைப்பொருள் வித்து, ரெண்டு பக்கத்துல சாவான். வீரனா வந்தா அவனுக்குப் பழைய கோபுரமோ சூரிய தேவனோதான் சக்தி குடுக்கணும். வெள்ளைக்காரன் ரசாயனத் தொட்டியில விழுந்தா சக்தி வருது, அந்தத் தொட்டியக் கழுவுறது முழுக்க நம்ம ஆளுங்க, நமக்கு மட்டும் இருமல்தான் வருது என்றார். சிரித்தேன். கோபம் பாதி போய்விட்டது. பிறகு படித்தார்.

பசைக்காரி தன் தெருவை நேசிக்கிறவள், யாரும் அங்கிருந்து போய்விடக் கூடாது என்று நினைக்கிறவள், அதற்காகத் தெருவைச் சுற்றி மாவுப் பசையால் காகிதச் சுவர் எழுப்புகிறவள் என்று அப்பா சொல்லச் சொல்ல, கொஞ்சம் என் மாதிரிதான் இருக்கிறாள் என்று நானும் தலையாட்டினேன். பதினேழாம் பக்கம் வந்தது. செஞ்சிட்டு சுவரைக் கிழிக்கிறாள், பச்சைக் காகிதத்துக்கு அடியில் ஒரு கடிதத் துண்டு, அதில் அவள் பெயர். சுவர் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேராத கடிதங்கள். அப்பா, நல்ல கற்பனை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டினேன்.

மரிசெலா, உனக்குத் தெரியும். பதினோரு வருஷமாக உனக்குத் தெரியும். நியூயார்க் ஓவியப் பள்ளியிலிருந்து உனக்கு இடம் கிடைத்தது என்று வந்த முதல் கடிதத்தை நான்தான் எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கிழித்து, பசை தடவி, நாச்சோவின் பிறந்தநாள் கழுதைக்கு வயிறாக ஒட்டி, மேலே பச்சைக் காகிதம் ஒட்டிவிட்டேன். அடிக்கிற அடியில் எல்லாம் குப்பையாகிவிடும், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். கழுதை உடைந்தபோது எல்லோரும் மிட்டாய்க்குக் குனிந்தார்கள், நீ மட்டும் கையில் ஏதோ பச்சைத் துண்டோடு நின்றாய். பெண் பெரியவளாகிவிட்டாள், மிட்டாய் பொறுக்க வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன், முட்டாள் நான். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறு வருஷம் மறுபடி எழுதிப் போட்டு, தபால்காரர் வருவதற்கு முன்பே தினமும் வாசலில் போய் நின்றாய். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? உன் ஒரு வருஷத்தைத் திருடினேன். காரணம் சொல்லலாம், வீடு வெறிச்சென்று போய்விடுமே என்று பயந்தேன், பெற்ற ஒரே பெண் போனால் திரும்ப மாட்டாள் என்று பயந்தேன், ஆனால் பயந்தவள் எல்லாம் திருடுகிறாளா என்ன. தப்பு, மகளே. என்னை மன்னித்துவிடு. புத்தகம் படித்த அன்றைக்கே அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். புத்தகத்தை மூடி வைத்தார், எழுந்து போய் காப்பி போட்டார், எனக்குச் சர்க்கரை போடாமல் கொண்டுவந்து வைத்தார். நாலு நாள் அந்தக் காப்பிதான் குடித்தேன். ஐந்தாம் நாள் அரைக் கரண்டி போட்டார்.

அந்த நாலு நாளும் உன் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் பசைக்காரி சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அவளுக்கு எதிரே இன்னொரு தட்டு வைத்திருக்கிறதே, அதை முதல் தடவை நான் கவனிக்கவே இல்லை. அப்பாதான் விரலை வைத்துக் காட்டினார். இத்தன வருஷம் படிக்கிறேன், நம்ம ஜனத்துல வில்லனா வந்த ஒருத்தனுக்காவது சாப்பிட ஒரு மேசை யாரும் வரைஞ்சதில்ல, என் பொண்ணு வரைஞ்சிருக்கா என்றார், சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். நான் செய்ததையும் வரைந்தாய், எனக்கு எதிரே தட்டையும் வைத்தாய். அதைப் பார்த்து நான் அழுத அழுகையை உனக்குச் சொல்லி முடியாது. இப்போது அப்பா இன்னொன்றும் சொல்கிறார். அம்மா கண்ணுல பட்டுட்டா இந்தக் கதையையே விட்டுடறேன்பா என்று நீ சொன்னாயாம், அந்தப் பயத்தில்தான் என் போனையும் எடுக்கவில்லையாம். உன் மேலதிகாரியோ நாலாவது இதழில் பசைக்காரி போதைப்பொருள் விற்கிறவளாக மாற வேண்டும் என்கிறானாம். நன்றாகக் கேள். கதையை விட்டாயோ, நானே நியூயார்க் வந்து உன்னை நாற்காலியில் ஒட்டிவிடுவேன். அந்த மனுஷனிடம், எங்க அம்மா அப்படிப்பட்டவ இல்ல, அவ திருடினது ஒரே ஒரு கடிதம்தான் என்று என் பெயரைச் சொல்லியே சொல். என்மேல் இரக்கப்பட்டு அவளை நல்லவளாகவும் மாற்றிவிடாதே. அவள் செய்ததைச் செய்தவளாகவே இருக்கட்டும். கொஞ்சம் இடுப்பை மட்டும் குறைத்து வரை, அவ்வளவு பெருசா எனக்கு?

குளிர் வந்துவிட்டது, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு வருகிறது, வெறும் காலோடு திரியாதே. கிறிஸ்துமஸுக்குத் தமாலே கொழுக்கட்டை சுற்ற மாவு சொல்லிவிட்டேன், சோள இலையும் வாங்கியாயிற்று, உன் பங்கு எழுபது சுற்ற வேண்டும், வேலை என்று சாக்குச் சொல்லாதே. பசைக்காரி இன்னும் சோபாவில்தான் இருக்கிறாள், விருந்தாளிகள் அவள் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். நேற்று அவள் முதுகை அறுத்து மிட்டாயை எல்லாம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். அன்றைக்குக் கடிதத்தைத்தான் கிழித்தேன், உன் பெயர் எழுதியிருந்த உறையைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை, மாதா படத்துக்குப் பின்னால் பதினோரு வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன். அதை அவள் வயிற்றுக்குள் வைத்து முதுகை ஒட்டிவிட்டேன். ஊர் அடித்து உடையாதவளை நீ வந்துதான் உடைக்க வேண்டும். கம்பு வாசலிலேயே இருக்கிறது, அப்பா கயிறு பிடிப்பார். இந்தத் தடவை உன் கண்ணைக் கட்டமாட்டேன்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து, மாதா உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்

உன் அம்மா,
பசைக்காரி ஒர்தென்சியா

அப்பா காலுறைக்குள் கொஞ்சம் பூசணி மிட்டாய் ஒளித்து வைத்திருக்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், போடும்போது பார்த்து எடு.