தங்க நிறப் பையின் பின்பக்கம்

என் பிரியமுள்ள அண்ணே,

எடுத்த எடுப்பிலேயே உன்னைத் திட்டப் போகிறேன். இறந்து மூன்று மாதம்தானே ஆகிறது, தங்கை விட்டுவிடுவாள் என்று நினைத்தாயா? உன் நாய் ஜிம்மிக்காக நீ வாங்கி அடுக்கிவிட்டுப் போன தங்க நிறத் தீனிப் பைகளைப் பற்றித்தான் பேச்சு.

ஜிம்மி ஓயாமல் சொறிந்தது. முதுகு முடியெல்லாம் கொட்டி, வாலடி புண்ணாகிவிட்டது. ஜெலுத்தோங் வீட்டில் அண்ணிக்கு இப்போது அது ஒன்றுதான் துணை. அதுவும் போய்விட்டால் அவர் என்ன ஆவார்? மருத்துவர் தீனியை மாற்றிப் பார்க்கச் சொன்னார். அண்ணி அசையவே இல்லை.

"உங்கண்ணன் கையால வாங்கி வச்சது மல்லிகா. நான் எப்படி மாத்துவேன்?"

உன் பதினாறாம் நாள் படையலில், உனக்குப் பிடித்த பலகாரங்களோடு அந்தத் தீனியையும் ஒரு கிண்ணத்தில் வைத்தவர் அவர். நானும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றேன். அது என் தப்பு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, உன் பையோடு வேறு இரண்டு பைகளையும் வாங்கிவந்து தரையில் வைத்து, அண்ணிக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். உன் பையின் முன்பக்கம் பொரித்த கோழிப் படம், பக்கத்தில் ஒரு நாய். பின்பக்கமோ முதலில் சோளம், பிறகு கோதுமை, அதற்கும் பிறகு எந்தப் பிராணி என்றே சொல்லாத 'இறைச்சி மாவு'. எடையில் அதிகமானதைத்தான் முதலில் எழுதுவார்கள், இதுகூடத் தெரியாதா உனக்கு? மூன்றில் விலை கூடியதும் உன்னுடையதுதான்!

இரண்டாவதில் கோழி முதலில் இருந்தது. ஆனால் பச்சைக் கோழியில் முக்கால்வாசி தண்ணீர், காய்ந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்; அடுத்ததெல்லாம் பட்டாணி. மூன்றாவது, படமே இல்லாத சாதாரணப் பை. மீன் மாவு, அரிசி என்று நேராகச் சொன்னது. உன் தீனி மூன்று கப் போடும் இடத்தில் இது இரண்டு போதும்.

"அவரு படிக்காமலா வாங்கியிருப்பாரு?" என்றார் அண்ணி.

"எங்க படிச்சாரு, அண்ணி? பையில உள்ள நாய் ஜிம்மி மாதிரியே இருக்குலா, அதான் வாங்கினேன்னு என்கிட்டயே சொன்னாரு."

அண்ணி பையைத் திருப்பி அந்த நாயைப் பார்த்தார். "லூசு மனுஷன்," என்று சொல்லிச் சிரித்தார். நீ போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்தபடியே அழுதார். பிறகு எழுந்துபோய், பழைய தீனியோடு புதியதைக் கொஞ்சம் கலந்து தானே வைத்தார்.

இப்போது ஜிம்மியின் புண் ஆறிவிட்டது, முதுகில் முடி முளைக்கிறது. நேற்று கடைக்காரர் புதிதாக ஒரு பையை நீட்டினார். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "முன்னால எல்லாம் அழகாத்தான் இருக்கு தம்பி, பின்னால படிச்சீங்களா?" என்று கேட்டார். பாவம், கடைக்காரர் அப்போதுதான் பையைத் திருப்பிப் பார்த்தார்.

ஜிம்மிக்குப் பதினோரு வயது. எவ்வளவு நல்ல தீனி போட்டாலும் அது என்றைக்கும் இருக்கப் போவதில்லை, எனக்குத் தெரியும். அந்த நாள் வரும்போது அண்ணி கூப்பிட வேண்டியதில்லை, அண்ணே. அதற்கு முன்பே நான் அந்த வீட்டில் இருப்பேன்.

உன் ஒரே தங்கை,
மல்லிகா